ஊர்ப்பெயரும் ஆங்கில ஒலியழுத்தமும்
(கோவையில் ஆற்றிய உரை)



கோயம்புத்தூர் என்னும் பெயரை வாய்விட்டு ஒலித்துப் பாருங்கள். கோ, யம், புத், தூர் என நான்கு நேரசைகள். ஓர் அசை இன்னோர் அசையை மிதித்து நிற்கவில்லை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய மாத்திரையைப் பெற்றுவிடுகிறது.

ஆங்கிலத்தின் இயல்பு வேறு. அங்கே ஓர் அசை ஓங்கும்; பக்கத்து அசைகள் ஒடுங்கும். 'பெர்மிட்' என்பதில் முன்னசையை அழுத்தினால் இசைவுச்சீட்டு என்னும் பெயர். பின்னசையை அழுத்தினால் இசைவளித்தல் என்னும் வினை. அம்மொழிக்கு அது தக்கதே. அதில் நமக்குப் பிணக்கில்லை. நம் ஊர்ப்பெயரை அந்த அச்சில் வார்க்கும்போதுதான் கேடு நேர்கிறது. ஆங்கில வாயில் நம் நகர் கோயிம்-ப-டோர் என மூன்றசையாய்ச் சுருங்குகிறது. ஈற்றசை ஓங்க, 'புத்' என்பது வெறும் 'ப' ஆகித் தேய்கிறது.

தேய்ந்தது ஒலி மட்டுமா? அசை வேறு, பொருளுறுப்பு வேறு. 'டீச்சர்' என்பதை ஆங்கிலரும் ஒலியால் டீ-ச்சர் என்றும், பொருளால் டீச்-அர் என்றும் பிரிப்பர். அவ்வாறே புத்தூர் ஒலியால் புத்-தூர். பொருளால் புதுமை, ஊர். மையீறு கெட்டு, தகரம் இரட்டி, உகரம் ஓடி, ஊரோடு புணர்ந்ததை நன்னூல் கற்ற சிறுவனும் சொல்வான். (அந்நூல் யாத்த பவணந்தியார் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தார் எனக் கொங்கு மக்கள் உரிமை பாராட்டுவதும் உண்டு.) 'படோர்' என்பதிலோ புதுமையும் இல்லை, ஊரும் இல்லை!

2020 சூன் திங்களில் வெளிவந்த தமிழ்நாட்டரசின் ஆணை 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதப் பணித்தது. அதே திங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நன்று, முறைதான் பிழைத்தது. மாத்திரை முழுவதையும் ஆங்கில எழுத்தில் அடைக்க முயன்று, கோயம்புத்தூரின் தகர இரட்டைக்கு மட்டுமே நான்கெழுத்துகளை அடுக்கினர். கண்டவர் நகைத்தனர். நல்ல முயற்சி நகைப்போடு முடங்கியது.

கருநாடகத்தாரைப் பாருங்கள். 2014 நவம்பர் முதல் நாளில் பெங்களூரு, மைசூரு உள்ளிட்ட 12 நகரப் பெயர்களை ஆங்கிலத்திலும் தம் மொழி ஒலிப்புப்படி மாற்றினர்; 'ஓர்' ஒழிந்து 'ஊரு' மீண்டது. நமக்கும் வழி கடினமன்று. அருகிலுள்ள திருப்பூரும், தொலைவிலுள்ள தஞ்சாவூரும் இன்று ஆங்கிலத்திலும் 'ஊர்' என்றே முடிகின்றன. கோயம்புத்தூர், வேலூர், கடலூர் ஆகியவற்றுக்கும் அந்த ஈற்றை மட்டும் முதலில் மீட்கக் கேட்போம். எஞ்சிய எழுத்துகளைப் பற்றிப் புலவர்கள் பொறுமையாய் வழக்காடட்டும்.