கொங் ஒஸ்கார்ஸ் வீதியின் மரக்கட்டடங்கள்

தொழிலால் நான் ஒரு தாதி. அதனால் இன்றைக்கு ஒரு வைத்தியசாலையைப் பற்றிப் பேசுகிறேன்.

நோர்வேயின் பேர்கன் நகருக்கு வந்தவர்கள், புகையிரத நிலையத்திலிருந்து நகர மையத்துக்குப் போகும்போது கொங் ஒஸ்கார்ஸ் வீதியில் சில பழைய மரக்கட்டடங்களையும் ஒரு சின்னத் தேவாலயத்தையும் கடந்திருப்பீர்கள். அதுதான் சங்க்ட் யோர்கன் தொழுநோய் வைத்தியசாலை. 1400களின் தொடக்கத்திலிருந்தே அங்கே நோயாளர் இருந்திருக்கிறார்கள். 1702இல் நகரம் தீப்பற்றியபோது எரிந்து, திரும்பக் கட்டப்பட்டது. கடைசி நோயாளர் இருவரும் 1946இல் இறந்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம்.

19ஆம் நூற்றாண்டில் நோர்வேயின் மேற்குக் கரையோரம் முழுக்க இந்த நோய் பரவியிருந்தது. ஏழை விவசாயிகளும் மீனவர்களும்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். பேர்கனில் மட்டும் மூன்று தொழுநோய் வைத்தியசாலைகள். நோயாளரைப் பெயர் பெயராகப் பதியும் தேசியப் பதிவேடு 1856இல் தொடங்கியது. இது பரம்பரை நோய் என்றே அன்றைய பெரிய வைத்தியர்கள் நம்பினார்கள். 1873இல் இதே நகரில் ஆர்மௌவர் ஹான்சன் அதன் கிருமியைக் கண்டார்.

எங்கள் பழைய வேதாகமத்தில் 'குஷ்டரோகி' என்று ஒரு சொல் வரும். பாளயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதரின் சொல் அது. இது சாபமில்லை, கிருமி என்று காட்டியவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் மிச்சக் கதையையும் சொல்லவேண்டும். நோய் தொற்றும் என்று நிரூபிக்க, 1879இல் ஹான்சன் காரி நீல்ஸ்டாட்டர் என்ற பெண் நோயாளியின் கண்ணில், இன்னொருவரின் நோய்த்திசு தோய்ந்த கருவியால் குத்தினார். அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. வழக்கு நடந்தது. 1880இல் ஹான்சன் வைத்தியசாலைப் பதவியை இழந்தார். தொழுநோய்க்கான தலைமை மருத்துவ அதிகாரி பதவி மட்டும் அவரிடமே இருந்தது. நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது.

காரியின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? ஊசி ஏற்றமுன் "ஏற்றட்டுமா அம்மா?" என்று கேட்பதும், "வேண்டாம் பிள்ளை" என்றால் கையை எடுப்பதும் எங்கள் வேலையில் தினமும் நடப்பவை. அந்தக் கேள்வியைத் தனக்குக் கேட்டிருக்கவேண்டும் என்று ஏழைப் பெண் ஒருத்தி 140 வருடங்களுக்கு முன்பே நீதிமன்றத்தில் நின்றாள். பேர்கனுக்கு வந்தால் அந்த வாசலில் ஹான்சனோடு அவளையும் நினையுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.