கேள்வி கேட்பதும் கடமையே
(தர்மபுரி மாவட்டம் அரூரில் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



குடிமையியல் என்பதாக உங்களுக்கு ஒரு பாடம் இருக்கின்றது. நம் சட்டசபைக்கு எத்தனை அங்கத்தினர் என்று கேட்டால் 234 என்று எழுதி மார்க்கு வாங்கிவிடுவீர்கள். ஆனால் அந்தச் சர்க்கார் யாருடையது என்று கேட்டால் என்ன சொல்லுவீர்கள்?

சர்க்கார் என்றால் ராஜா, ராஜா என்றால் கடவுள் அம்சம் என்பது நம் முன்னோர்களுடைய எண்ணம். ராஜா ஒழிந்தும் அந்த எண்ணம் ஒழிந்தபாடில்லை. தாலுகா ஆபீசில் "சாமி" என்று கைகட்டி நிற்கிறவன், எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகின்றவர் என்பதை அறிவதில்லை. 1919ஆம் வருஷத்துச் சட்டப்படி சொத்தும் வரியும் உள்ள சிலருக்கே ஓட்டு இருந்தது. வயது வந்தோர் எல்லோரும் ஓட்டுப்போட்ட முதல் பொதுத்தேர்தல் 1951-52ல்தான் நடந்தது. 21 என்றிருந்த ஓட்டு வயது 1989ல் 18 ஆயிற்று. இவ்வளவு பாடுபட்டு வந்த உரிமையை ஐந்நூறு ரூபாய்க்கு விற்றவனுக்குப் பிறகு கேள்வி கேட்க வாய் ஏது?

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. இந்த அரூருக்குப் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ந் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனம், போலீஸ், ரெவின்யூ இலாகாக்காரர்கள் புகுந்தார்கள். ஜனங்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவேயில்லை என்று அதிகாரிகள் சாதித்தார்கள்.

அந்த மலைசாதி ஏழைகள் "எல்லாம் தலைவிதி" என்று இருந்துவிட்டார்களா? இல்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் துணை நிற்க, வழக்காடினார்கள். 1995ல் ஹைக்கோர்ட் உத்தரவின்மேல் விசாரணை சி.பி.ஐ. வசம் போயிற்று. இன்னார்தான் செய்தார்கள் என்று அப்பெண்களே அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29ல் தர்மபுரி கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் நீங்கலாக 215 பேரும் குற்றவாளிகளே என்பது தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29ல் ஹைக்கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்து, அப்பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

ஏழைக்கு நியாயம் கிடைக்க 31 வருஷம் என்பது வெட்கக்கேடு. ஆனால் கேட்காதிருந்தால் 300 வருஷமானாலும் கிடைத்திராது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. சர்க்காரே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. புகுந்து அடித்தவர்களும் சர்க்கார் ஆட்கள். அவர்களைத் தண்டித்ததும் சர்க்கார் கோர்ட்டுத்தான். எந்தப் பக்கம் அது நிற்கும் என்பது, நாம் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்பதைப் பொறுத்ததேயாகும்.

விஞ்ஞான மனப்பான்மையும் ஆராய்ந்து கேட்கும் குணமும் குடிமக்களின் கடமை என்று 1976ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே, கேட்பது அதிகப்பிரசங்கித்தனமல்ல. ஓட்டு வந்ததும் உங்கள் ஊர்க் கிராமசபையில் நீங்களும் அங்கத்தினர்களே. அங்கே போய் உட்கார்ந்து கணக்கைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாகவேண்டும்.

வாச்சாத்திப் பெண்களுக்கு இருந்த துணிவு, படித்த உங்களுக்கு இல்லையென்றால் இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டு முடித்துக்கொள்ளுகிறேன்.