ஓர் இளைஞரின் முதல் உத்தியோகம்

சலவை யந்திரத்துக்குள்ளும் மோட்டார் வண்டிக்குள்ளும் இன்று சின்னஞ்சிறு கணினிகள் ஒளிந்திருந்து தொழில் புரிகின்றன. மேசைமேல் வைத்துப் பல காரியங்களுக்கும் பயன்படுத்தும் கணினி வேறு. ஒரு பொறியின் உள்ளே அமர்ந்து, அப்பொறியை இயக்குவதொன்றையே கடமையாகக் கொண்ட கணினி வேறு. பின்னதனை உட்பொதி கணினி என்பர். றோபோக்களின் அங்கங்களை அசைப்பதும் இத்தகைய கணினியே. பட்டம் பெற்ற இளைஞர் பலர் இந்நாளில் நாடிச் செல்லும் இத்தொழிலை, அதன் குழந்தைப் பருவத்திலேயே முதல் உத்தியோகமாகப் பெற்றவர் டொன் ஐல்ஸ் என்னும் அமெரிக்கர்.

அவர் பொஸ்டன் பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்றவர். 1966ஆம் ஆண்டிலே, அருகிலுள்ள கேம்பிறிட்ஜ் நகரில், மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சார்ந்த கருவியியல் ஆய்வுகூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். அப்பலோ விண்கலங்களை வழிநடத்தும் கணினி அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவரைச் சில ஆண்டுகள் கோப்புக் கட்டவும் பிரதி எடுக்கவும் வைத்திருப்பது எந்நாட்டு அலுவலகத்துக்கும் பழகிய வழக்கம். அங்கு அதற்கு அவகாசம் இருக்கவில்லை போலும். அலன் கிளம்ப் என்பார் வகுத்த சமன்பாடுகளைக் கொண்டு, சந்திரனில் இறங்கும் கலத்தைத் தரைவரை கொண்டுசேர்க்கும் நிரலை எழுதும் பணியில் அவ்விளைஞருக்கும் பெரும் பங்கு கிடைத்தது.

அந்தக் கணினியின் எடை ஏறக்குறைய 32 கிலோகிராம். அதன் நிலையான நினைவகத்தில் 36,864 சொற்களே அடங்கும். இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அவ்விடம் போதாது. அந்நினைவகம் அமைந்த விதமோ வியப்புக்குரியது. தொழிற்சாலையிற் பெண்கள் மெல்லிய கம்பிகளைச் சிறு காந்த வளையங்களினூடே நெசவு நெய்வதுபோற் கோத்தனர். கம்பி வளையத்தினுள்ளே சென்றால் ஒன்று. புறத்தே சென்றால் பூச்சியம். நெய்து முடிந்த நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. பறப்பின்போது மாற்றத்தக்க இடம் வெறும் 2,048 சொற்கள். இத்துணைச் சிறிய இடத்தை வைத்துக்கொண்டு அக்கணினி இரண்டு செக்கனுக்கு ஒருமுறை இறங்கும் பாதையைக் கணித்தது; செக்கனுக்குப் பத்து முறை கலத்தின் சாய்வைத் திருத்தியது.

1971ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஐந்தாந் திகதி அப்பலோ 14 சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தது. இறங்கு கலத்தில் இருந்தவர்கள் அலன் ஷெப்பேட், எட்கார் மிச்செல் என்னும் இருவர். பொஸ்டன் பகுதியில் நள்ளிரவு கடந்துவிட்டது. அவ்வேளையில், இறக்கத்தைக் கைவிட்டு மேலே திரும்புவதற்கான பொத்தானை எவரோ அழுத்திவிட்டதாகக் கணினிக்குச் செய்தி சென்றுகொண்டிருப்பது தெரியவந்தது. எவரும் அதனைத் தொடவில்லை. மிச்செல் பலகையைத் தட்டினார், செய்தி மறைந்தது, பின்னர் மீண்டும் வந்தது. விசைக்குள்ளே ஈயப்பற்றின் துணுக்கொன்று மிதந்து திரிகின்றது என ஊகித்தனர். இறங்கும் எந்திரம் மூண்ட பின்னர் அப்பொய்ச் செய்தி எழுமாயின், கணினி அதனை மெய்யென நம்பிக் கலத்தை மேலே திருப்பிவிடும். பயணத்தின் நோக்கமே பாழாகும்.

கேம்பிறிட்ஜிலே ஐல்ஸின் கையில் இருந்த அவகாசம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பொத்தானைக் கவனிக்கும் பகுதியை அணைத்துவிடலாம் என்பது எளிதில் தோன்றும் வழி. ஆனால் எந்திரம் மூளும் கணத்தில் நிரல் தானாகவே அப்பகுதியை மீண்டும் விழிக்கச் செய்யும். வீரர்கள் விசைகளை அழுத்தி அதனை அணைக்குமுன் பொய்ச் செய்தி முந்திக்கொள்ளலாம். நெய்த கம்பியை அவிழ்க்கவும் முடியாது. அப்போது அவர் இன்னொன்றை நினைவுகூர்ந்தார். பொத்தானைப் பார்க்குமுன் நிரல், “திரும்பும் செயல் ஏற்கெனவே நடைபெறுகின்றதா?” என்று சோதிக்கும்; நடைபெறுகின்றதென்றால் பொத்தானைப் பொருட்படுத்தாது. நடைபெறும் செயல் யாதெனக் குறிக்கும் எண்ணை மட்டும் 71 என மாற்றிவிட்டால், கணினி தான் திரும்பிக்கொண்டிருப்பதாகக் கருதிப் பொத்தானை மறந்திருக்கும். இறங்கும் கணக்கோ தடையின்றி நடக்கும். பொய்க்குப் பொய்யே மருந்தாயிற்று எனலாம். பரீட்சையிற் பெற்ற புள்ளிகள் அந்த நள்ளிரவில் எவருக்கும் கைகொடுத்திரா. எழுதியதைப் பலகாலும் திரும்பப் படித்துச் சோதித்த பழக்கமே கைகொடுத்தது.

அம்மருந்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. எந்திரம் தானாக முழு வலிமை பெறாது. ஷெப்பேட் கையால் வலிமையை உயர்த்த வேண்டும். அதன்பின் மிச்செல் மேலும் சில கட்டளைகளை அழுத்தி, வழிநடத்தும் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைத்து, எண்ணையும் பழையபடி மாற்ற வேண்டும். மொத்தம் 61 விசையழுத்தங்கள். பூமியில் ஒத்திகை பார்த்தபின், அவை வானொலி வழியே ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன; மிச்செல் எழுதிக்கொண்டார். ஒன்றும் பிசகவில்லை. பொஸ்டன் நேரப்படி அதிகாலை 4.18க்குக் கலம் பிரா மௌரோ என்னும் மேட்டுநிலப் பகுதியில் இறங்கியது. ஐல்ஸுக்கு அப்பொழுது வயது 27.

அடுத்து வந்த அப்பலோ 15இன் நிரலில், இத்தகைய பொய்ச் செய்தியை எளிதாகப் புறக்கணிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். பழுதுற்ற விசையை மட்டும் எவரும் கழற்றிப் பார்த்ததில்லை. வீரர்கள் தாய்க்கலத்துக்கு மீண்டபின், அவர்களை ஏற்றிவந்த மேற்பகுதி, அவர்கள் நிலத்தில் வைத்துவந்த அதிர்வுமானிகள் உணரும்பொருட்டு, சந்திரனில் வேண்டுமென்றே மோதவிடப்பட்டது. விசை அதனுள் இருந்தது.