வெளிநாடு போகிறவரின் போன் நம்பர்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



என் மகன் துபாய்க்குப் போனப்போ, இங்கத்த சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுட்டான். அங்கே புது சிம் வாங்கினான். நான்கு மாதம் கழித்து, சம்பளம் இங்குள்ள அவன் பேங்க் கணக்குக்கு வந்தாச்சு. அதை எனக்கு மாற்றப் பார்த்தால் ஓ.டி.பி. வரலை. அது பழைய நம்பருக்குத்தானே போகும்! 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நம்பரை முடக்கி வேறு ஆளுக்குக் கொடுத்துடலாமாம். யாருக்குத் தெரியும்? அந்த மாதக் குழுத் தவணையைக் கம்மலை அடகு வைத்துக் கட்டினேன்.

அதனால், கிளம்பும் முன்பே சிம்மில் வெளிநாட்டு ரோமிங் வசதியைத் திறக்கச் சொல்லுங்கள். ரீசார்ஜை இங்கிருந்து நாமே போடலாம். ஆனால் அந்தச் சிம்மில் டேட்டாவை அணைத்து வைக்கணும். மறந்தால் காசு கரைந்துவிடும்.

துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம். நேரடியாகப் பேசுவதற்குப் பொதுவாகத் தடை உண்டு. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை இரண்டு பக்கமும் ஏற்றிக்கணும். இது தெரியாமல் 'பிள்ளை போனே எடுக்கலை'ன்னு ஒருநாள் முழுக்க அழுதேன். நேரமும் பாருங்க: நமக்குக் காலை 6 மணின்னா அங்கே 4.30. தூங்குற பிள்ளையை எழுப்பாதீங்க!

போன் தொலைந்தால் அதிலுள்ள நம்பரும் போச்சு. இந்தியத் தூதரகத்தின் நம்பர், கூட வேலை செய்கிற இரண்டு பேர் நம்பர், மூன்றையும் என் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கேன்.