பயணச் செவிலி



அக இலக்கியத்தில் செவிலி என்னும் தலைப்பைச் செயலாளர் எனக்குத் தந்திருந்தார். அதனைச் சற்றே மாற்றிக்கொள்ள இசைவு பெற்றேன். இன்று அப்பெயரைத் தாங்கி உழைக்கும் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவள் என் தங்கை. அமெரிக்காவில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அதிலும் ஊர் ஊராகச் சென்று பணிபுரிபவள். 'டிராவல் நர்ஸ்' என்பது அங்கு வழங்கும் பெயர்.

ஆள் பற்றாத மருத்துவமனை, ஏஜென்சி ஒன்றின் வழியே இத்தகையோரை வரவழைத்துக்கொள்கிறது. ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். வாரத்திற்கு மூன்று நாள், நாளொன்றுக்கு 12 மணி நேரம். முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். 2020இல் கொரோனா பரவியபோது இவர்களது ஊதியம் மிக உயர்ந்தது. பணத்தின் பின்னால் ஓடுகிறவர்கள் என்ற பேச்சும் உடன் எழுந்தது. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவளிடமே ஒருமுறை சொல்லியும் விட்டேன். அவள் மறுக்கவில்லை; "வீட்டுக் கடன் யார் அடைத்தது, அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

2023ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவள் மொன்டானா மாநிலத்தின் கிழக்குச் சமவெளியில் இருந்தாள். மாட்டுப் பண்ணைகளும் கோதுமை வயல்களுமே கண்ணுக்கெட்டிய மட்டும். அத்தகைய ஊர்களின் மருத்துவமனைகள் மூடப்பட்டுவிடாதிருக்க 1997இல் அந்நாடு ஒரு சட்டம் செய்தது. 25 படுக்கைக்கு மிகாமல், அடுத்த மருத்துவமனைக்குப் பொதுவாக 35 மைல் தொலைவேனும் இருக்குமாயின், அரசின் மருத்துவக் காப்பீடு செலவைக் கணக்கிட்டுத் தரும். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். மருத்துவர் அங்கேயே தங்கியிருக்க வேண்டுமென்பதில்லை. அழைத்தால் 30 நிமிடத்திற்குள் வந்துவிட வேண்டும். மக்கள் மிகக் குறைந்த பகுதிகளில் 60 நிமிடம்.

அந்த 30 நிமிடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது செவிலியின் பொழுது. பெரிய மருத்துவமனையில் குருதி எடுக்க ஒருவர், ஈ.சி.ஜி. எடுக்க ஒருவர், மருந்தளக்க ஒருவர். இங்கே எல்லாம் அவளே. வாந்தியைத் துடைப்பவளும் அவளே. நகரத்துப் பெரிய மருத்துவமனையைத் தொலைபேசியில் எழுப்புபவளும் அவளே. அந்த ஊருக்கு அவள் வந்து இரண்டே இரவுகள்தாம் ஆகியிருக்கும். எந்த மருந்து எந்த இழுப்பறையில் உள்ளது என்பதைக்கூட ஓரிரு பணிமுறைகளுக்குள் கற்றுக்கொண்டாக வேண்டும். புதிய ஊருக்குப் போனதும் முதல் வேலையாக எல்லா இழுப்பறைகளையும் திறந்து திறந்து மூடுவாளாம்.

அப்படி ஓர் இரவில் ஒருவர் மார்புவலியோடு வந்தார். மாடுகளுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகே வந்திருந்தார். மாரடைப்பு என்று ஈ.சி.ஜி. காட்டியது. அடைப்பை நீக்கும் வசதியுள்ள பில்லிங்ஸ் நகரம் வெகு தொலைவு. காற்றின் வேகத்தால் ஹெலிகாப்டர் எழும்பவில்லை. மருத்துவர் வந்ததும் உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே செலுத்தினர். விடியலில் சாலை வழியே ஆம்புலன்சில் அனுப்பிவைத்தாள்.

"அவர் பெயர் என்ன?" என்றேன். சொல்லமாட்டாள். ஊர், வயது எதுவும் சொல்லமாட்டாள். நோயுற்றோரை அடையாளம் காட்டக் கூடாதென்பது அவள் தொழிலின் விதி. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவள் நான். அவ்விதி ஒரு மனிதரைக் காப்பதாகவும் இருக்கக்கூடும் என்பது அன்றுதான் எனக்குத் தோன்றியது.

"பிறகு என்ன ஆனார்?" என்றேன். "தெரியாது" என்றாள். பாலைக்கலியில் மகளைத் தேடிச் சுரத்திடை வினவிச் செல்லும் செவிலியைப் போலத்தான் இவர்களும். ஆனால் குறுந்தொகை 167ஆம் பாடலில் மகளின் புதுமனைக்குச் சென்று கண்டு வந்து நற்றாய்க்கு உரைக்கிறாளே ஒரு செவிலி, அந்தப் பேறு இவர்களுக்கு அரிது.

உரைத்தல் என்றேன். அவர்கள் அதைப் பயிற்சியாகவே கற்கிறார்கள். ஒரு நோயாளியை மற்றவரிடம் ஒப்படைக்கும்போது நான்கு பகுதியாகச் சொல்ல வேண்டும்: இப்போதைய நிலை, பின்புலம், என் கணிப்பு, எனக்கு வேண்டுவது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிய முறை என்கிறார்கள். அடைமொழிக்கு அதில் இடமில்லை.

மறு ஆண்டுக் கோடையில் எங்கள் அன்னைக்குப் பக்கவாதம் கண்டது. நான்தான் உடனிருந்தேன். மருத்துவமனை வாசலிலிருந்து தங்கையை அழைத்தேன். முகம் ஒருபுறம் வாடிப்போயிற்று, சொல் குழறுகிறது, பார்க்கப் பொறுக்கவில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவள் இடைமறித்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அக்கா, அம்மா நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு?"

உள்ளே மருத்துவரும் அதையே கேட்டார். உறைகட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே எல்லை. தொடக்கம் தெரியாமல் கொடுப்பது எளிதன்று. முனைவர் பட்டம் பெற்றவள் நான். என்னிடம் விடை இல்லை. "காலையில்" என்றேன். "காலையில் எத்தனை மணி?" என்றார். நான் அழுதேன்.

மூன்று நாள் கழித்தே நினைவுக்கு வந்தது. அன்று குழாயில் தண்ணீர் நின்றபோது கடைசிக் குடத்தை அம்மாதான் இடுப்பில் எடுத்து வந்து வைத்தார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பது ஏழு மணிக்கு. நாங்கள் மருத்துவமனையை அடைந்தது ஒன்பதரைக்கு.

தங்கை வந்து சேர்ந்ததும் அதை அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடத் தொடங்கினாள்.