விண்ணப்பம் எழுதிய விண்வெளி வீரர்

(வெள்ளி விழாக் கல்வியரங்கில் ஆற்றிய உரை)



விண்வெளி வீரர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் சார்லஸ் போல்டனைத் தேர்ந்துகொண்டேன். அவர் விண்ணில் பறந்த கதையினும், பறப்பதற்கு முன் எழுதிய கடிதத்தின் கதையே நமக்கு மிகுதியும் வேண்டியது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கொலம்பியா நகரில், 1946-இல் பிறந்தவர் அவர். தாயும் தந்தையும் ஆசிரியர்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, வெள்ளையர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்றிருந்த காலம். தனிக்குவளை கண்ட நமக்கு அதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடற்படைக் கல்லூரியில் சேர அவர் விரும்பினார். மதிப்பெண் மட்டும் போதாது. சட்டமன்றத்தார் எவரேனும் முன்மொழிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. நாட்டின் பேரவையில் அமர்ந்திருந்த அவர் மாநில உறுப்பினர்கள் ஒரு கறுப்பின மாணவனுக்காகக் கையெழுத்திட மறுத்தனர். பள்ளி மாணவரான போல்டன் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனுக்கே கடிதம் எழுதினார்! முடிவில், தொலைவிலுள்ள சிகாகோவின் கறுப்பின உறுப்பினர் வில்லியம் டாசன் அவரை முன்மொழிந்தார். 1968-இல் பட்டம் பெற்றார். வியட்நாம் போரில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை வானூர்தி செலுத்தினார்.

இத்தகைய துணிவுடையவரே விண்வெளிப் பணிக்கு விண்ணப்பிக்கத் தயங்கினார் என்றால் நம்புவீர்களா? நம்மை எங்கே எடுக்கப் போகிறார்கள் என்று தாமே தீர்ப்பெழுதிவிட்டார். கேளாமலே எப்படித் தெரியும் என்று அவரை இடித்துரைத்தவர் ரொனால்ட் மெக்நேர். அதே மாநிலத்து லேக் சிட்டியில் பிறந்த கறுப்பின இயற்பியல் அறிஞர். ஒன்பது வயதில், 1959-இல், அவ்வூர் நூலகத்தில் அவருக்கு நூல் தர மறுத்துக் காவலரை அழைத்தார்கள். சிறுவன் அசையவில்லை, நூல்களோடுதான் வீடு திரும்பினான். அந்தக் கட்டிடத்தில் பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றுக் காட்சியகமே அமைந்தது.

போல்டன் விண்ணப்பித்தார், 1980-இல் தேர்வானார். முதற்பயணம் முடித்து 1986 சனவரி 18-இல் தரையிறங்கினார். பத்தே நாளில், சனவரி 28-இல், சாலஞ்சர் ஓடம் சிதறி எழுவர் மாண்டனர். மெக்நேர் அவர்களுள் ஒருவர்.

நண்பரை இழந்த பின்னரும் போல்டன் மும்முறை பறந்தார். 1990-இல் ஹப்பிள் தொலைநோக்கியை விண்ணில் நிறுத்திய குழுவில் இருந்தார். 1994-இல் அவர் தலைமையேற்ற ஓடத்தில்தான் முதன்முதலாக ஒரு ரஷ்ய வீரர் அமெரிக்கருடன் பயணம் செய்தார். 2009 முதல் 2017 வரை நாசாவின் தலைவர். அப்பொறுப்பில் முறையாக அமர்த்தப்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஒருவர் உயர்ந்ததால் ஓரினமே உயர்ந்துவிட்டது என்பார் சிலர். நான் அதை ஏற்பதில்லை. டாசன் கையெழுத்திடாவிட்டால், மெக்நேர் இடித்துரைக்காவிட்டால், போல்டன் எங்கே? பெரியோர்களே, இது உங்களுக்கும் சேர்த்துச் சொன்னது. படிவத்தை வாங்கிப் போய்ப் பெட்டியில் பூட்டி வைத்த பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் எத்தனை பேர்?

உதவித்தொகைப் படிவங்கள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. கூட்டம் முடிந்ததும் நான் அங்கே அமர்ந்திருப்பேன். பேனா கொண்டுவராதவர்க்கு என்னிடம் இரண்டு உண்டு.