இதயத்தில் வைத்த பட்டனும் முதல் ஆறு மாதமும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

இதய ஓட்டையைப் பட்டன் வைத்து அடைத்த பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருப்பதால் இதைப் பேசச் சொன்னார்கள்.

நம்மூர் நைட்டி தைக்கிற ஊர். பட்டன் என்றால் நூல் போட்டுத் தைப்போம். இதயத்தில் வைக்கும் பட்டனுக்குத் தையலே கிடையாது. தொடை இடுக்கில் ஓடும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பிவலையை ஓட்டையில் விரிப்பார்கள். அது இரண்டு பக்கமும் தட்டுப்போல விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். அதன் மேல் சதை படர்ந்து மூட ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். டாக்டர் சொல்லும் பத்தியமெல்லாம் பெரும்பாலும் அந்த ஆறு மாதத்துக்குத்தான்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. பட்டன் நழுவினால் அநேகமாக முதல் ஓரிரு நாளில்தான் நழுவும். நான் வேலை பார்த்த வார்டில் ஒரு சிறுமி மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். எக்கோ எடுத்தால் பட்டன் இடத்தில் இல்லை! சுருக்குக் கம்பி போட்டு வெளியே இழுத்தார்கள். அது முடியாவிட்டால் ஆபரேஷன்தான். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு, டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

வீட்டில் நாம் தவறுவது ஆஸ்பிரினில். கம்பிவலையில் ரத்தம் உறையாமலிருக்க அதைக் கொடுக்கிறார்கள். இதற்கிடையில் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால் நாம் வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டோம். சின்னம்மையோ ஃப்ளூவோ இருக்கும்போது ஆஸ்பிரின் கொடுத்தால், அரிதாக ஈரலும் மூளையும் பாதிக்கும். அதற்காக நாமாகவும் நிறுத்தக்கூடாது. வேப்பிலை இருக்கட்டும், அன்றைக்கே இதய டாக்டருக்குப் போன் போடுங்கள்.

காய்ச்சல் விடாமல் அடித்தால் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். பட்டனில் கிருமி தொற்றியிருந்தால் ரத்தக் கல்ச்சரில் தெரியும், முன்பே மருந்து கொடுத்திருந்தால் தெரியாமல் போகலாம். பல் பிடுங்குவது, காது குத்துவது எதுவானாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாமன் மடி எங்கும் போய்விடாது.

குழாய் விட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் பிள்ளையைப் படுக்கவைத்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கால் சில்லிட்டு வெளுத்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், மயங்கி விழுந்தாலும் 108தான். மதுரை போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். "விடியட்டும் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள்.

கீழறை ஓட்டையை அடைத்த பிள்ளைகளுக்கு வருடம் கழித்தும் நாடித்துடிப்பு குறையலாம். பட்டன் உரசி இதயச் சுவர் அரிப்பது மிக அபூர்வம், ஆனால் அதுவும் பின்னாளில் வரலாம். அதனால் ஆறு மாதம் முடிந்தபின்னும் எக்கோ தேதியைத் தவறவிடாதீர்கள். பட்டன் அட்டையைப் பள்ளி ஆசிரியரிடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

ஃபைல் கொண்டுவந்திருப்பவர்கள் இப்படி முன்னால் வாங்க, பார்த்துவிடுவோம்.